காயலான் கடைக்கு யார் பாடம் நடத்துவது?

அணுசக்தித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிடும் சட்டம் 2025 டிசம்பரில் இரு அவைகளிலும் அடுத்தடுத்து நிறைவேறியது. ‘சாந்தி’ என்று அதற்குப் பெயர். இழப்பீட்டுக்கு உச்சவரம்பு எவ்வளவு, உலைக்குக் கருவி விற்ற நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது சரியா என்று இரு தரப்பும் மல்லுக்கு நின்றன. நிற்க வேண்டிய விஷயம்தான். ஆனால், இழப்பீடு என்பது விபத்து நடந்து, வழக்கு நடந்து, வாய்தா மேல் வாய்தா போய், உயிரோடு இருப்பவர்களின் கைக்கு வரும் பணம். விபத்து நடந்த முதல் ஆறு மணி நேரத்தில், கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கும் ராதாபுரம் வட்டத்தின் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) என்ன செய்ய வேண்டும், அதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்ற கேள்வி ஆளுங்கட்சிக்கும் பெரிதாகப் படவில்லை, எதிர்க்கட்சிக்கும் பெரிதாகப் படவில்லை.

இன்றைக்கு நம் அணுமின் உற்பத்தித் திறன் 9,000 மெகாவாட்டைச் சுற்றி நிற்கிறது. 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் என்பது அரசின் இலக்கு. உலைகளின் எண்ணிக்கை இப்படிப் பெருகும்போது, அவற்றைச் சுற்றி வாழ்பவர்களுக்கும் அவர்களைக் காப்பாற்ற ஓடி வருபவர்களுக்கும் தரும் பயிற்சி எத்தனை மடங்கு பெருகப்போகிறது?

உலகில் பயிற்சி மையங்களுக்குப் பஞ்சமில்லை. செர்னோபில் வெடித்த 1986-லேயே சர்வதேச அணுசக்தி முகமை இரண்டு உடன்படிக்கைகளை உருவாக்கியது. விபத்து நடந்தால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும் என்பது ஒன்று. கேட்பவருக்கு உதவ வேண்டும் என்பது இன்னொன்று. 2005-ல் வியன்னாவில் அவசரகால மையம் வந்தது. 2013-ல், உலை விபத்து நடந்த ஜப்பானின் ஃபுகுஷிமாவிலேயே ஒரு பயிற்சி மையம். 2023-ல் வியன்னாவுக்கு அருகே சைபர்ஸ்டார்ஃபில் இன்னொன்று. 2025 ஜூனில் ருமேனியாவின் செர்னவோடா அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்ததாக வைத்துக்கொண்டு நடந்த ஒத்திகையில் 75-க்கும் மேற்பட்ட நாடுகள் பங்கெடுத்தன. நாமும் சளைத்தவர்கள் இல்லை. 2010-ல் வாஷிங்டன் மாநாட்டில் மன்மோகன் சிங் அறிவித்து, 2014 ஜனவரியில் அவரே அடிக்கல் நாட்டிய உலகளாவிய அணுசக்தி கூட்டாண்மை மையம் ஹரியானாவின் ஜஜ்ஜார் மாவட்டத்தில் இருக்கிறது. வெளிநாட்டு அலுவலர்களும் அங்கே வந்து படித்துப்போகிறார்கள்.

இவற்றில் எதுவும் வீண் என்று சொல்ல வரவில்லை. அந்த வகுப்புகளில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான் என் புகார். விஞ்ஞானி உட்காருகிறார், ஒழுங்குமுறை அதிகாரி உட்காருகிறார், சீருடைப் படையின் உயரதிகாரி உட்காருகிறார். கதிர்வீச்சு முதலில் போய்ச் சேருவது இவர்களில் யார் வீட்டுக்கும் இல்லை.

பிரேசிலின் கோயானியா நகருக்கு வருவோம். பயிற்சி பற்றிப் பேசும் எவரும் இந்த ஒரு சம்பவத்தை மட்டும் கரைத்துக் குடித்தால் போதும் என்பது என் கட்சி. 1987 செப்டம்பரில், கைவிடப்பட்ட ஒரு புற்றுநோய் சிகிச்சை நிலையத்திலிருந்து கதிரியக்கக் கருவி ஒன்றின் பாகத்தை இரண்டு பேர் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அது பழைய இரும்புக் கடைக்குப் போனது. உள்ளே இருந்த சீசியம்-137 தூள் நூறு கிராம்கூட இல்லை. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தத் தூளைக் கடைக்காரர் சொந்தபந்தங்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். வாந்தியும் தோல் புண்ணுமாக வந்தவர்களுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர்கள் மருந்து கொடுத்தார்கள். இந்தச் சனியன்தான் வீட்டில் எல்லோரையும் சாய்க்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர், எந்த நிபுணரும் அல்ல, கடைக்காரரின் மனைவி. அதைப் பையில் போட்டு, பேருந்தில் ஏற்றி, சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். பிற்பாடு இறந்த நால்வரில் அவரும் ஒருவர்.

மறுநாள் ஒரு இயற்பியலாளர் கதிர்வீச்சு அளக்கும் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் கடைசிக் கோட்டில் போய் நின்றது. கருவி பழுது என்று திரும்பிப்போய் வேறொன்று வாங்கிவந்தார். அதுவும் அப்படியே காட்டியது. அவர் சுகாதார அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்புப் படையினர் வந்திருந்தார்கள். அந்தப் பொருளை எடுத்துப்போய் ஆற்றில் வீசிவிடுவது அவர்களின் திட்டம். இயற்பியலாளர் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒரு ஆறே போயிருக்கும். தீயணைப்பு வீரர்களைக் குறை சொல்ல முடியுமா? ஆபத்தான பொருளை ஊரைவிட்டு அகற்ற நினைத்தார்கள். வேறு எதையும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். நகரின் ஒலிம்பிக் விளையாட்டரங்கில் மக்கள் வரிசையில் நின்றார்கள். சோதிக்கப்பட்டவர்கள் சுமார் 1,12,000 பேர். கதிரியக்கம் படிந்திருந்தவர்கள் 249 பேர். வகுத்துப் பாருங்கள்: 450 பேரில் ஒருவர். மீதி 449 பேர் பயத்தால் வந்தவர்கள். முதலில் சோதித்த 60,000 பேரில் ஐயாயிரம் பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, கழுத்திலும் மேலுடம்பிலும் தடிப்பு. அந்த ஐயாயிரம் பேரில் ஒருவர் மேல்கூடக் கதிரியக்கம் இல்லை. பயம் அத்தனை அறிகுறிகளையும் உடம்பில் எழுதிக் காட்டியிருந்தது. இறந்தவர்களின் சவப்பெட்டிகள் வந்தபோது ஊரார் கல்லெறிந்தார்கள். கோயானியாக்காரர் என்றால் மற்ற ஊர்களின் விடுதிகளில் அறை இல்லை. ‘இவருக்கு ஒன்றும் இல்லை’ என்று ஆயிரக்கணக்கானோருக்கு அரசு சான்றிதழ் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த 450-க்கு ஒன்று என்ற கணக்கை நான் விடப்போவதில்லை. அவசரகாலப் பயிற்சி என்றாலே நாம் அந்த ஒருவரைப் பற்றி மட்டும் யோசிக்கிறோம். அவருக்கான உடை, மருந்து, தனி வார்டு. மருத்துவமனை வாசலை முட்டிமோதி அடைக்கப்போவது மற்ற 449 பேர். அப்போது கோயானியாவில் மக்கள்தொகை ஏறத்தாழ பத்து லட்சம். பத்தில் ஒருவர் வரிசையில் நின்றார். நம் கூடங்குளத்துக்கு அருகே, 2011 கணக்கெடுப்பின்படி, திருநெல்வேலி, நாகர்கோவில் இரண்டு நகரங்களிலும் சேர்த்து சுமார் ஏழு லட்சம் பேர். அதே விகிதம் என்றால் எழுபதாயிரம் பேர். பாளையங்கோட்டை அரசு மருத்துவமனை வாசலில் எழுபதாயிரம் பேரை வரிசைப்படுத்த, கருவியைப் பிடித்துச் சோதிக்க, ‘ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்’ என்று அவர்கள் நம்பும்படிச் சொல்ல எத்தனை செவிலியருக்கு, எத்தனை காவலருக்குப் பயிற்சி இருக்கிறது?

‘பிரேசில் கதை நமக்கெதற்கு’ என்பவர்கள் டெல்லி மாயாபுரிக்குப் போகட்டும். 1968-ல் கனடாவிலிருந்து வாங்கி, 1985-க்குப் பிறகு தொடாமல் கிடந்த கோபால்ட்-60 கருவி ஒன்றை டெல்லிப் பல்கலைக்கழகம் 2010 பிப்ரவரியில் பழைய இரும்போடு இரும்பாக ஏலம் விட்டது. ஏப்ரலில் மாயாபுரியின் காயலான் கடைகளில் வேலை பார்த்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள்; ஒருவர் இறந்தார். கோயானியாவுக்கு 23 ஆண்டுகள் கழித்து, அதே கதை, அதே இரும்புக் கடை. அணு வல்லரசின் தலைநகரில், வேதியியல் துறை உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில்! மூன்றிதழ்க் கதிர்வீச்சுக் குறியைப் பார்த்தால் கையை எடு என்று காயலான் கடைக்காரருக்குச் சொல்லித்தர ஒரு மணி நேரம் போதும். எந்தச் சர்வதேச மையத்தின் பாடத்திட்டத்திலாவது அவருக்கு ஒரு நாற்காலி இருக்கிறதா?

நம் வீட்டுக் கணக்கோ அதைவிட அழகு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தைத் தணிக்கை செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-ல் தந்த அறிக்கையின்படி, நாட்டின் மருத்துவ எக்ஸ்-ரே நிலையங்களில் 91 சதவீதம் வாரியத்திடம் பதிவே செய்யாமல் ஓடிக்கொண்டிருந்தன. எக்ஸ்-ரே கருவியின் சுவிட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும், சீசியத்தோடு அதை ஒப்பிடலாமா என்று துறைக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். இந்தக் கணக்கையே சரியாக வைக்க முடியாதவர்கள் எந்தக் கணக்கைச் சரியாக வைப்பார்கள்? அணுமின் நிலையங்களுக்கு வெளியே நடந்த ஒத்திகைகளும் ஆயத்தம் போதாது என்றே காட்டின என்று அதே அறிக்கை சொன்னது.

ஜப்பானிடம் பணம் இருந்தது, கருவி இருந்தது, ஒத்திகையும் இருந்தது. ஃபுகுஷிமா நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டரில், ஓகுமா நகரில், அவசரகாலத்தை நிர்வகிப்பதற்கென்றே ஒரு கட்டடம் கட்டி வைத்திருந்தார்கள். கதிரியக்கத் தூசியைத் தடுக்கும் காற்று வடிகட்டி அதில் இல்லை. முன்பே எச்சரித்தும் யாரும் பொருத்தவில்லை. 2011 மார்ச் 15 அன்று, விபத்தை நிர்வகிக்க வேண்டியவர்களே அந்தக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு வெளியேறினார்கள். மூன்று கிலோமீட்டர் வட்டத்தைக் காலி செய்ய உத்தரவு போட்ட நேரத்தில், உலை இருக்கும் ஊரிலேயே ஐந்தில் ஒருவருக்குத்தான் விபத்து நடந்த செய்தி தெரிந்திருந்தது என்று ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு எழுதியது. அருகிலிருந்த ஃபுதாபா மருத்துவமனையின் முதிய நோயாளிகளைப் பேருந்துகளில் ஏற்றி மணிக்கணக்கில் அலைக்கழித்தார்கள். அந்த மருத்துவமனையையும் அதைச் சேர்ந்த முதியோர் இல்லத்தையும் சேர்ந்த ஏறத்தாழ 50 பேர் அந்த மாத முடிவுக்குள் இறந்துபோனார்கள். அவர்களைக் கதிர்வீச்சு கொல்லவில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவரை எப்படி இடம் மாற்றுவது என்று யோசித்து வைக்காத திட்டம் கொன்றது.

கூடங்குளத்தில் என்ன நடந்தது? எரிபொருள் நிரப்பும் முன் ஊருக்குள் ஒத்திகை நடத்தியாக வேண்டும் என்பது விதி. 2012 ஜூனில் நக்கனேரி என்ற ஒரு கிராமத்தில் நடத்தி முடித்தார்கள். அவசரகாலத் திட்ட வட்டமோ 16 கிலோமீட்டர். 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழிகாட்டுதல்களைப் பின்பற்றவும் அவ்வப்போது ஒத்திகை நடத்தவும் உத்தரவிட்டது. நிலையத்துக்கு வெளியே நடக்கும் எல்லாவற்றுக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியர். அவர் ஒத்திகையைக் கற்றுத் தேறும்போது மாறுதல் உத்தரவு வந்துவிடும். கதிரியக்க மீட்பில் பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படையணியின் தலைமையகம் அரக்கோணத்தில், அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அவர்கள் வந்து சேரும்வரை களத்தில் இருக்கப்போவது 108 ஆம்புலன்ஸ் ஊழியரும் அரசுப் பேருந்து ஓட்டுநரும் வி.ஏ.ஓ.வும்தான்.

இதைப் பேசினாலே மக்கள் பீதியடைவார்கள் என்கிறது அணுசக்தித் துறை. கோயானியாவில் பீதியடைந்தவர்கள் யாரும் ஒத்திகையில் கலந்துகொண்டவர்கள் இல்லை. ஒத்திகையில் கலந்துகொள்வதே உலையை ஏற்றுக்கொள்வதாகிவிடும் என்கிறார்கள் எதிர்ப்பாளர்கள். உலை ஓடிக்கொண்டிருக்கிறது, ஐயா. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் காற்று அடிக்கும் திசையில்தான் அடிக்கும். 2011-லிருந்து இடிந்தகரையில் கூடங்குளம் உலைக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டத்தில் பாதி பயம், யாரும் வீடு தேடி வந்து எதையும் விளக்காததால் விளைந்தது என்பேன். ஊர் ஊராக உட்கார்ந்து சொல்லித்தந்திருந்தால் போராடியவர்கள் மேல் போட்ட தேசத்துரோக வழக்குகளுக்கே வேலை இருந்திருக்காது.

சர்வதேசப் பயிற்சி என்ற சொல்லுக்கு நம் தெற்கில் உண்மையான பொருள் ஒன்று உண்டு. கூடங்குளத்திலிருந்து சென்னையைவிட இலங்கையின் கல்பிட்டியும் மன்னாரும் மிகப் பக்கம். இரண்டும் 300 கிலோமீட்டருக்குள். 2015 பிப்ரவரியில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட அணுசக்தி ஒப்பந்தத்தில் ஆட்களுக்குப் பயிற்சி தருவதும், கதிரியக்கப் பேரிடரைத் தணிப்பதும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஹரியானா மையத்தின் ஒரு கிளையைக் கூடங்குளத்துக்குப் பக்கத்திலுள்ள வள்ளியூருக்குக் கொண்டுவர அந்த ஒப்பந்தமே போதுமான காரணம். மன்னார் சுகாதார அலுவலரும் ராதாபுரம் வி.ஏ.ஓ.வும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும். பாடம் தமிழிலேயே நடக்கலாம். 16 கிலோமீட்டர் வட்டத்தில் ஒவ்வொரு பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், பேருந்துப் பணிமனை, இரும்புக் கடையிலும் பயிற்சி பெற்றவர் ஒருவராவது இருக்கிறார் என்று காட்டும்வரை, கூடங்குளத்தில் கட்டப்பட்டுவரும் 3, 4-ஆம் அலகுகளில் எரிபொருள் நிரப்பக் கூடாது. புதிய சட்டத்தின்கீழ் வரப்போகும் தனியாருக்கும் இதே நிபந்தனைதான்.

செலவு யார் தலையில் என்று கேட்பார்கள். மின்சாரம் விற்பவர் தலையில். கூடங்குளத்தின் 2,000 மெகாவாட்டும் எண்பது சதவீதத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு 1,400 கோடி யூனிட். யூனிட்டுக்கு ஒரு பைசா எடுத்து வைத்தால் 14 கோடி ரூபாய். அந்த ஒரு பைசாவைக் கொடுக்க மனமில்லாத நிறுவனத்துக்கு உரிமம் எதற்கு?