தாரா, ஜிம்னியா? முதல்ல எந்த மண்ணுன்னு சொல்லு

எங்க டிபார்ட்மெண்ட்ல ரெண்டு கட்சி இருக்கு. ஒண்ணு தார் கட்சி, இன்னொண்ணு ஜிம்னி கட்சி. கூர்க்காவுக்கு ஒரே ஒருத்தன், அவன் சுயேச்சை. மெஸ்ல தட்டோட உட்கார்ந்தா இந்த விவாதம்தான். இதுல ஒருத்தன்கிட்டயும் ஃபோர் பை ஃபோர் வண்டி கிடையாது. எல்லாம் ரீல்ஸ் பார்த்து வந்த ஞானம். விவாதம் நல்லதுதான், ஆனா கேள்வி சரியில்லை. "எந்த வண்டி பெஸ்ட்?"னு கேட்கிறோமே தவிர, எந்த மண்ணுலன்னு யாரும் கேட்கறதில்லை.

நம்ம ஊரை எடுத்துக்கோங்க. ஒரு நாள் பைக் ரைடுக்குள்ள நாலு விதமான தரையைப் பார்த்துடலாம். மானூர் பக்கம் போனா கரிசல். அம்பை, சேரன்மகாதேவி பக்கம் தாமிரபரணிப் பாசனத்துல வயல் சேறு. திசையன்விளை தாண்டி கடற்கரைப் பக்கம் போனா செக்கச்செவேல்னு தேரி மணல். மணிமுத்தாறுல இருந்து மேல ஏறினா மாஞ்சோலை மலைப்பாதை. இந்த நாலுலயும் ஒரே வண்டி ஜெயிக்கும்னு சொன்னா, அவன் நாலுல ஒண்ணுலகூட ஓட்டினது இல்லைன்னு அர்த்தம்.

முதல்ல ஒரு மூடநம்பிக்கையை உடைச்சிடுவோம். நாலு சக்கரத்துக்கும் பவர் போனா வண்டி மாட்டாதுன்னு நினைக்கிறோம். சாதாரண டிஃபரென்ஷியல் இடது, வலது ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு டார்க்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்கினா, அதைச் சுத்த வைக்க டார்க் ஏறக்குறைய தேவையே இல்லை. அதனால பிடிமானம் இருக்குற இன்னொரு சக்கரத்துக்கும் அதே கொஞ்சூண்டுதான் போகும். முன்னாடி ஒரு சக்கரம், பின்னாடி ஒரு சக்கரம் தூக்கிட்டா ஃபோர் வீல் டிரைவும் சும்மா உறுமிக்கிட்டு நிக்கும். இதுக்கு மருந்து டிஃப் லாக். வண்டிகளுக்குள்ள நிஜமான வித்தியாசமும் இங்கதான் ஆரம்பிக்குது.

கூர்க்காவுல முன்னாடி, பின்னாடி ரெண்டு ஆக்ஸிலுக்கும் டிரைவரே லீவரை இழுத்துப் போடுற மெக்கானிக்கல் லாக் இருக்கு. அந்த விலையில இப்படிக் கொடுக்குற வேற வண்டி நம்ம நாட்டுல இல்லை. தார்ல சில வேரியண்ட்ல மட்டும் பின்னாடி தானா லாக் ஆகுற டிஃபரென்ஷியல் வருது, மத்ததுக்கு பிரேக்கை வச்சுச் சமாளிக்கணும். ஜிம்னியில முழுக்கவே பிரேக் வித்தைதான்: சும்மா சுத்துற சக்கரத்தை கம்ப்யூட்டர் பிரேக் போட்டுப் பிடிக்கும், டார்க் எதிர்ப்பக்கம் போகும். நல்லாவே வேலை செய்யும். ஆனா சக்கரம் கொஞ்சம் சுத்தினப்புறம்தான் அதுக்கு உறைக்கும். கல்லு மேல அது பரவாயில்லை. மணல்லயும் சேத்துலயும் அந்த ரெண்டு சுத்துக்குள்ள சக்கரம் குழி பறிச்சிடும்.

ஜிம்னிக்கு ஒரு பெரிய பலம் இருக்கு: முன்னாடி, பின்னாடி ரெண்டுமே ரிஜிட் ஆக்ஸில். ஒரு பக்கம் கல்லுல ஏறினா, அதே ஆக்ஸில் மறுபக்கச் சக்கரத்தைக் கீழ அழுத்தும். கூர்க்காவுல பின்பக்கம் மட்டும்தான் இப்படி, முன்பக்கம் இண்டிபெண்டென்ட். தார்லயும் முன்பக்கம் இண்டிபெண்டென்ட் சஸ்பென்ஷன்தான். ரோட்ல சுகம், பாறையில கால் சீக்கிரம் அந்தரத்துல தொங்கிடும். ஆனா அப்ரோச் ஆங்கிள்னு பார்த்தா தார் 41 டிகிரிக்கு மேல, ஜிம்னி 36. வாய்க்கால் கரையில மூக்கு இடிக்காம ஏறணும்னா தார்தான்.

இப்போ தேரி. "ஜிம்னி டயர் ஒல்லி, மணல்ல புதைஞ்சிடும்"னு தார் கட்சிக்காரங்க சொல்லுவாங்க. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜிம்னி சுமார் 1,200 கிலோ, டயர் அகலம் 195 மி.மீ. தார் 1,700 கிலோவுக்கு மேல, டயர் 255 மி.மீ. எடையை அகலத்தால வகுத்தா ரெண்டும் கிட்டத்தட்ட சமம், சொல்லப்போனா ஜிம்னிக்கு ஒரு மயிரிழை சாதகம். மணல்ல முக்கியம் டயர் காத்து. 30 பிஎஸ்ஐ-யை 16, 18-க்கு இறக்கினா டயர் பரந்து உட்காரும், அது எந்த வண்டியையும் மாத்திடும். அப்புறம் எஞ்சின். ஜிம்னியோட 134 நியூட்டன் மீட்டரை வச்சு மணல் மேட்டுல வேகம் குறையாம ஏறுறது கஷ்டம்; தார்ல 300 இருக்கு. ஆனா மாட்டினப்புறம் ஜிம்னியை நாலு பேர் சேர்ந்து தள்ளி வெளிய எடுத்துடலாம். தாருக்கு ஆள் தேடி ஊருக்குள்ள போகணும்.

கரிசல்ல மழைக்கு அப்புறம் இந்த மொத்தப் பேச்சும் வீண். அந்த மண்ணு டயர் பட்டன் இடுக்குல அப்பி, ரெண்டு நிமிஷத்துல நாலு டயரையும் வழுக்கையாக்கிடும். பிடிமானமே இல்லாத நாலு சக்கரத்தை லாக் பண்ணி என்ன பிரயோஜனம்? இடைவெளி பெருசா இருக்குற மட் டயர் போட்டா கொஞ்சம் பிழைக்கலாம். இல்லைன்னா காயுற வரைக்கும் டீ குடிக்கலாம்.

மாஞ்சோலைக்கு வருவோம். கடல்மட்டத்துல இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கு. இந்தப் பாதையை ஏதோ இமயமலை மாதிரி காட்டி வீடியோ போடுறாங்க. அதே பாதையில மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டின்னு வருஷக்கணக்கா ஏறி இறங்கிட்டு இருக்குறது நம்ம அரசுப் பேருந்து. பின்சக்கர டிரைவ் மட்டும்தான், லோ ரேஞ்ச் கிடையாது, டிஃப் லாக் கிடையாது. எப்படி ஏறுது? பஸ்ஸோட எடையில பெரும்பங்கு பின் ஆக்ஸில் மேல, அங்க பக்கத்துக்கு ரெண்டு டயர், கூடவே முதல் கியரும் வளைவு தெரிஞ்ச டிரைவரும். 1929-ல் 99 வருஷக் குத்தகைக்குப் போன இந்தத் தோட்டங்கள்ல இருந்த ஜனங்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் மார்க்கெட்டுக்கும் வழி அந்த பஸ்தான். 2024-ல் கம்பெனி வேலையை முடிச்சுக்கிட்டப்போ அவங்க முன்னாடி நின்ன கேள்விகள்ல ஒண்ணு, இனி இந்த பஸ் ஓடுமாங்கறது. மலையில நமக்கு வேணும்னு நினைக்கிற நூறு நியூட்டன் மீட்டரை விட அந்த ஒரு டிரிப் பெருசு.

அடுத்து சொல்லப்போறது விளையாட்டு இல்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் பெஞ்ச மழை நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ரயில் நின்னு, நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் வண்டி விமர்சனம் பண்ற எல்லாரும் "வாட்டர் வேடிங் 650 மி.மீ., 700 மி.மீ."னு பெருமையா சொல்றதைக் கேட்டா எனக்கு பயமா இருக்கு. அந்த எண் எஞ்சினுக்குள்ள தண்ணி போகாம இருக்குறதுக்கான கணக்கு, அதுவும் ஓடாத தண்ணியில. வெள்ளம் அப்படியா நிக்குது?

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் முதல் யூனிட்தான் இது. நாலு மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம்: ஆறு சதுர மீட்டருக்கு மேல. தரைத்தட்டுக்கு மேல 10 செ.மீ. தண்ணி ஏறினா, உள்ள தண்ணி புகாத வரைக்கும் வண்டியை மேல தூக்குற விசை சுமார் 600 கிலோ. 20 செ.மீ. ஏறினா 1,200. ஜிம்னியோட மொத்த எடையே அவ்வளவுதான். அதாவது எஞ்சின் ஜம்முனு ஓடிக்கிட்டு இருக்கும்போதே சக்கரத்துக்குத் தரை இருக்காது. நாலு சக்கரமும் சேர்ந்து தண்ணியைக் கடையும், ஓட்டம் வண்டியைத் தரைப்பாலத்துல இருந்து பக்கவாட்டுல தள்ளிட்டுப் போகும். தார் இன்னும் கொஞ்சம் தாங்கும். கொஞ்சம்தான். ஸ்நார்க்கெல் வச்ச கூர்க்கா மேல கண்மூடித்தனமா நம்பிக்கை வச்சிருக்குற நம்ம சுயேச்சைக்கும் இதேதான்.

அந்த வாரம் ஊருக்குள்ள போய் வந்தது ட்ராக்டரும் மீனவர்களோட படகும். ட்ராக்டருக்கு மூடின பாடி இல்லாததால தண்ணி நடுவுல புகுந்து போகும், மிதக்கவிடாது. பின் டயர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கம்மி. சேத்து வேலைக்காகப் பல பேர் அந்த டயருக்குள்ளயே தண்ணி ஏத்தி எடை கூட்டி வச்சிருப்பாங்க. பெரும்பாலானது டூ வீல் டிரைவ், ஆனா காலால மிதிக்கிற டிஃப் லாக் இருக்கும். பல லட்சம் போட்டு வாங்குற தார்ல வேரியண்ட் பார்த்துத் தேட வேண்டிய ஒண்ணு, அண்ணாச்சியோட பழைய ட்ராக்டர்ல குதிகாலுக்குக் கீழ கிடக்குது. ட்ராக்டரும் ஓட்டமான தண்ணியில கவிழும், அதை மறுக்கல. ஆனா அதை ஓட்டுறவங்களுக்கு அந்த வாய்க்கால் எங்க ஆழம், எந்தக் கரை கரையும்னு தெரியும்.

இன்னொண்ணு. தேரியில ரீல்ஸ் எடுக்கப் போறவங்களுக்கு: குதிரைமொழித் தேரி மாதிரி இடங்கள் காப்புக்காடு. இந்தத் தேரிகள்ல பல ஆயிரம் வருஷம் பழைய நுண்கற்கருவிகள் கிடைச்சிருக்கு. உங்க டோனட் தடத்துக்கு அடியில என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆத்து மணலுக்குள்ள வண்டி இறக்குறதைப் பத்தி நான் பேசவே விரும்பல.

சரி, என் ஓட்டு யாருக்கு? காசு இருந்தா மலைக்கும் பாறைக்கும் கூர்க்கா, தினசரி ஓட்ட ஜிம்னி. தார் வாங்குறவங்க ஃபோர் பை ஃபோரா, 2023-ல் வந்த பின்சக்கர டிரைவான்னு பார்த்து வாங்குங்க. வெளிய இருந்து பார்த்தா வித்தியாசம் சட்டுனு தெரியாது, பாதிப் பேர் அதுலதான் ஆஃப் ரோடு பேசிட்டு இருக்காங்க.

ஊருக்கு என்ன வேணும்னு கேட்டா வேற பதில். தாமிரபரணிக் கரையில இருக்குற ஒவ்வொரு ஊராட்சியிலயும் யார்கிட்ட ட்ராக்டர் இருக்கு, ட்ரெய்லர் இருக்கு, ராத்திரி கூப்பிட்டா யார் வருவாங்கன்னு ஒரு பட்டியல், போன் நம்பரோட, ஐப்பசி பிறக்குறதுக்கு முன்னாடி விஏஓ ஆபீஸ் சுவத்துல ஒட்டணும். டீசலுக்கு யார் காசு கொடுப்பாங்கன்னும் அதுலயே எழுதணும். அந்தப் பட்டியலை எடுக்குற வேலையை நம்ம என்எஸ்எஸ் பசங்க ரெண்டு சனிக்கிழமையில முடிச்சிடலாம்.