உம்மம்மாவைக் கேட்காத வரலாறு

எமது பகுதியில் இப்போது ஊருக்கு ஒரு வரலாற்று நூல், குடும்பத்துக்கு ஒரு மலர் என்றாகிவிட்டது. மண்டபம் எடுத்து, பொன்னாடை போர்த்தி, முதற் பிரதியைத் தனவந்தர் ஒருவர் பெற்றுக்கொள்ள வெளியீட்டு விழாவும் நடக்கிறது. வேர் தேடுவது நல்ல காரியம்தான். ஆனால் இம்மலர்களில் பலவற்றை விரித்தால் முதல் அத்தியாயம் யெமனிலோ பக்தாதிலோ தொடங்குகிறது. ஒரு கப்பல் வருகிறது. ஒரு வணிகர் இறங்குகிறார். அவர் யாரைக் கட்டினார், யாருடைய வளவில் குடியிருந்தார், அந்தப் பெண்ணின் பெயரென்ன, அவள் வீட்டில் என்ன மொழி கதைத்தார்கள் என்பதற்கெல்லாம் ஒரு வரியும் இல்லை. அடுத்த பக்கத்தில் அவருக்கு ஆண்மக்கள் பிறந்து, வளர்ந்து, ஊர்த் தலைவர்களாகிவிடுகிறார்கள். பெண் இல்லாமலே பெருகிய ஒரு வம்சம்!

இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று, பொத்துவில் வரைக்கும் உள்ள முஸ்லிம்களாகிய நாம் இப்படி எழுதுவதில் விசேடமான ஓர் அநியாயம் இருக்கிறது. ஏனென்றால் நமது வழக்கில் வேர் தாயின் வழியே ஓடுகிறது. பிள்ளை உம்மாவின் குடி. வாப்பாவின் குடி அல்ல. ஒரே குடிக்குள் கல்யாணம் பேசுவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். வீடும் வளவும் பெண்ணின் பெயருக்கு எழுதப்படுகின்றன. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்ததும் இந்தக் கணக்கில்தான். ராசாம்பிள்ளை குடி, ஓடாவி குடி என்று சொல்லும்போது, அதைச் சொல்லுகிறவரின் உம்மா, அவரின் உம்மா, அவரின் உம்மா என்று பெயர் தெரியாத பெண்களின் ஒரு நீண்ட வரிசை அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கிறது. அந்த வரிசையை அப்படியே விட்டுவிட்டு, கப்பலில் வந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு, 'இதுதான் எங்கள் வேர்' என்கிறோம்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு முதலில் படிப்பித்த பாடங்களில் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்பது. இந்த மலர்களோ தெரியாத யெமனில் தொடங்குகின்றன. தெரிந்த உம்மம்மாவுக்கு வந்து சேர்வதேயில்லை. நான் படிப்பிக்கும் வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொன்னால், பிள்ளைகள் வாப்பா, வாப்பாவின் வாப்பா என்று மேலே ஏறுகிறார்கள். பக்கத்தில் 'உம்மா' என்று எழுதி ஒரு வட்டம் போடுகிறார்கள். வட்டத்துக்கு மேலே கோடு இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை குடியிருக்கும் வீடு உம்மாவின் வீடு; சாப்பிடும் சோறு உம்மம்மாவின் அடுப்படியில் ஆக்கியது. கண்ணுக்கு முன்னால் இருப்பதை மரத்தில் வரையக்கூடாது என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

நாம்தான் சொல்லிக் கொடுத்தோம். அரசாங்கமும் சொல்லிக் கொடுத்தது. உங்கள் பழைய பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் என்று கேட்கிறது, பூட்டனாரையும் கேட்கிறது. பாட்டியாரைக் கேட்பதில்லை. இது எழுதுவினைஞரின் கவனக்குறைவு அல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வம்சாவளியை ஆண் வழியாகவே எண்ணியது. தாயின் வழியாகவும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை உண்டு என்பதற்கு 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வரவேண்டியிருந்தது. அரைநூற்றாண்டுக்கு மேலாக இந்த நாட்டின் கடதாசிகள் உம்மம்மாவை எண்ணவில்லை. நமது பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துக்களும் அப்படித்தான். அவை ஆண்களின் எழுத்துக்கள். ஆகவே குடி எந்தக் கடதாசியிலும் இல்லை. அது வாயில் மட்டும் இருக்கிறது, அதிலும் வயதான பெண்களின் வாயில்.

இங்கிலாந்தின் ஒரு கிராமத்து ஆளுக்கு இந்தக் கவலை வேறு விதமானது. அங்கே 1538ஆம் ஆண்டிலிருந்து கோவில் பற்றுக்குப் பற்று ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கட்டளை பிறந்தது. அவுஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ போனவரின் பேரப்பிள்ளை திரும்பி வந்து, அந்தப் பழைய ஏட்டைப் புரட்டி, பாட்டனின் பாட்டன் பெயரை விரலால் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் அங்கே கல்யாணம் முடித்த பெண் கணவனின் குடும்பப் பெயருக்கு மாறிவிடுவதால், தாய்வழி ஒவ்வொரு தலைமுறையிலும் அறுந்து போகிறது. அதைத் தேடுகிறவர்கள் படாத பாடு படுகிறார்கள். நமக்கு நேர்மாறு. குடும்பப் பெயர் இல்லாததால் ஆண்வழி மூன்றாம் நான்காம் தலைமுறையோடு மங்கிப்போகிறது. தாய்வழி ஒரு பெயராக இன்றும் நிற்கிறது. அவர்களிடம் ஏடு இருக்கிறது, தாய் இல்லை. நம்மிடம் தாய் இருக்கிறாள், ஏடு இல்லை. இப்படியிருக்க, கையில் இல்லாத ஆண்வழியைக் கற்பனையால் நிரப்புவதிலேயே நமது அறிஞர்களின் பாதி ஆயுள் போகிறது.

அரபு வணிகர்கள் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. இப்னு பதூதா 1344இல் இந்தத் தீவுக்கு வந்து போனதை எல்லோரும் அறிவர். கேரளத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வந்தார்கள். போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களைக் கண்டியரசன் செனரத் 1626 அளவில் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்றும், அவர்கள் தொகை நாலாயிரம் என்றும் சொல்லப்படுகிறது. வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது ஒரு கேள்வி. வந்து சேர்ந்த இடத்தில் யார் அவர்களை ஏற்று, சோறு போட்டு, பெண் கொடுத்து, குடியில் சேர்த்தார்கள் என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு நூறு நூல்கள். இரண்டாவதற்கு மௌனம்.

இந்த மௌனத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டு ஒரு கட்டுரை வாசித்தார். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலம் அது. அடுத்த வருடம் முதலாவது முஸ்லிம் பிரதிநிதி நியமனமானார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அந்தக் கட்டுரைக்கு நூல் வடிவில் மறுப்பு எழுதினார். அந்த மறுப்பு அன்றைக்கு அவசியமானது; ஒருவர் மற்றவரின் பிரதிநிதித்துவத்தை விழுங்குவதற்கு வரலாற்றைக் கரண்டியாக்கினால் கரண்டியைப் பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் அது கொழும்பில், ஒரு ஆசனத்துக்காக நடந்த வழக்கு. எங்கள் ஊர்க் கிழவிகளை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. அந்த வழக்கின் பத்திரங்களையே நூறு வருடங்களுக்குப் பிறகும் நாம் வரலாறு என்று பிரதி பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

கிழவிகளை அழைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? குடி என்ற இந்த ஏற்பாடு நமக்கு மட்டும் உரியது அல்ல என்று சொல்லியிருப்பார்கள். ஆரையம்பதியில், பழைய ஆட்கள் ஆரைப்பற்றை என்று சொன்ன இந்த ஊரில், அயலிலுள்ள தமிழரும் தாய்வழிக் குடி எண்ணுகிறார்கள். உலகிப்போடி குடி, காலிங்கா குடி என்று அவர்களுக்கும் குடிப் பெயர்கள். பள்ளிவாசலுக்கு மரைக்காயர் போலக் கோவிலுக்கு வண்ணக்கர். தாய்வழிச் சொத்துரிமை இந்தப் பகுதியில் முக்குவர் சட்டம் என்ற பெயரில் நீதிமன்றம் வரைக்கும் போனது. 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ அதைப் பற்றி நூலும் எழுதினார். முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் பட்டாணியர் முக்குவருக்கு உதவினார்கள், பிறகு இங்கேயே பெண் எடுத்துக் குடியேறினார்கள் என்ற கதை இரண்டு பக்கத்திலும் வழங்குகிறது. சண்டை எப்போது நடந்தது, நடந்ததா என்பதை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு முக்கியம், மாமன் மச்சான் உறவு என்று சொல்லிக்கொள்வதற்கு இரண்டு சமூகமும் ஒரே கதையை வைத்திருந்தது என்பதுதான்.

இங்கே ஒரு பழைய பயம் எழும்பும். "அப்படியானால் நாங்கள் தமிழர் என்று சொல்ல வருகிறீர்களா?" இல்லை. தாய் யாரென்று சொன்னால் பிள்ளை தன் பெயரை இழந்துவிடும் என்று நினைக்கிற சமூகம் தன் பெயரில் நம்பிக்கை இல்லாத சமூகம். நாம் முஸ்லிம்கள்; தனியான ஒரு மக்கள். அதை நிறுவுவதற்கு உம்மம்மாவை ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும்: "1990ஐ மறந்துவிட்டீரா?" மறக்கவில்லை. அந்த வருடம் ஜூலையில் குருக்கள்மடத்தில் கடத்திக் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் ஜனாஸாவுக்காகக் காத்திருந்தே வயதாகிப் போயின. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் தமிழ்ப் பெண்களும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். உறவைப் பற்றிக் கதைப்பது கொலையை மன்னிப்பது ஆகாது. கொன்றவனை மன்னிக்கும் அதிகாரம் இறந்தவரின் குடும்பத்துக்கு மட்டும்தான் உண்டு; ஒரு வாத்தியாருக்கு இல்லை. ஆனால் அந்த வருடம் அறுந்தது எது என்று தெரியாமல் அதற்காக அழவும் முடியாது. படுவான்கரையில் காணியும் வேளாண்மையும் வைத்திருந்தவர்கள், அங்கே யார் வீட்டில் தங்கினார்கள், யார் அவர்களின் நெல்லைக் காத்தார்கள் என்பதையெல்லாம் நம் பிள்ளைகள் அறியார்கள். அவர்களுக்குப் பக்கத்து ஊர் ஒரு வேலி மட்டுமே.

இப்போது வரலாறு எழுதுகிறவர்கள் அந்த வேலியைத்தான் இன்னும் உயர்த்துகிறார்கள். ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் நடுவில் எல்லைத் தகராறு பல வருடமாக இழுபடுகிறது. நாம் எழுதும் ஊர் வரலாறு 'நாங்கள்தான் முதலில் வந்தோம்' என்று முடிகிறது. அவர்கள் எழுதும் ஊர் வரலாறு 'நாங்கள்தான் இங்கே இருந்தோம்' என்று முடிகிறது. அதில் முஸ்லிம்கள் வந்தாலும் கடைக்காரராக அல்லது காணி பிடித்தவராக வருகிறார்கள். இரண்டும் வரலாறு அல்ல, காணி உறுதி. நொத்தாரிசுக்குச் செய்யவேண்டிய வேலையை எழுத்தாளனுக்குக் கொடுத்திருக்கிறோம்.

குடியை நான் புனிதமாக்கவும் இல்லை. தாய்வழி என்றதும் தாய்க்கு அதிகாரம் என்று யாரும் மயங்க வேண்டாம். மரைக்காயர் எல்லாம் ஆண்களே. மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தில் வாப்பாமார் கடனாளியானதும், தங்கச்சிக்குக் கூரை போடுவதற்காகத் தம்பிமார் கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் காய்ந்ததும் நமக்குத் தெரியும். உயர்ந்த குடி, தாழ்ந்த குடி என்ற பேச்சும் இருந்தது. இது இஸ்லாமிய வழக்கமா என்று கேட்கும் தம்பிமாரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே தம்பிமார் அரபு வம்சப் பெருமையைக் கேள்வி கேட்பதில்லை. ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தைக் குத்பாவில் கேட்காதவர் இல்லை. கோத்திரம் ஆளை ஆள் அறிந்துகொள்வதற்கு, உயர்வு தாழ்வுக்கு அல்ல என்பதைத் தெரியாதவரும் இல்லை. குடிப் பெருமை ஜாஹிலிய்யத் என்றால் குறைஷிப் பெருமையும் அதுதானே? பெருமையை விடுவோம், இரண்டையும் விடுவோம். அறிந்துகொள்வதை ஏன் விடவேண்டும்?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இப்போது உமிழ்நீரை ஒரு குப்பியில் அடைத்து அனுப்பி, தம் பூர்வீகம் இத்தனை வீதம் இந்த இடம் என்று விடை வாங்குகிறார்கள். அந்த விஞ்ஞானமும் ஒரு விடயத்தைச் சொல்கிறது. மனித உயிரணுவில் இழைமணி என்ற ஒரு பகுதி இருக்கிறது. அதிலுள்ள மரபணு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. மகனுக்கும் வரும், ஆனால் மகன் அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது, மகள்தான் கொடுப்பாள். குடி போகும் வழியும் இதேதான். ஆய்வுகூடத்துக்குக் காசு கட்டித் தெரிந்துகொள்ளும் பாதையை எழுதப் படிக்கத் தெரியாத நம் பெண்கள் ஞாபகத்திலேயே வைத்திருந்தார்கள்.

அந்த ஞாபகத்துக்கு நாள் எண்ணப்படுகிறது. 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு பெட்டகங்கள் போயின. 1990இல் ஓடியவர்கள் உறுதிகளை விட்டுவிட்டு ஓடினார்கள். 2004 கடல் மிச்சத்தையும் கொண்டுபோனது. கடதாசிக்குப் பிறகு எஞ்சியது எண்பது வயதுப் பெண்கள். ஒருவர் மௌத்தாகும்போது ஒரு பதிவேடு மையவாடிக்குப் போகிறது. அதே கிழமையில் ஒரு மண்டபத்தில் யெமன் மலர் வெளியாகிறது.

செய்யவேண்டியது பெரிய காரியம் அல்ல. ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். விடுமுறையில் ஒவ்வொரு பிள்ளையும் உம்மா, உம்மம்மா, அவரின் உம்மா என்று தெரிந்தவரை பெயர் எழுதட்டும். குடி எழுதட்டும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்தார்கள், பக்கத்துத் தமிழ் ஊரில் யாரைத் தெரியும், யார் பிள்ளைப்பேற்றுக்கு வந்தார்கள், கலவரத்தில் யார் ஒளித்து வைத்தார்கள், யார் காட்டிக் கொடுத்தார்கள் எல்லாவற்றையும் எழுதட்டும். கடைசிக் கேள்வியையும் தவிர்க்க வேண்டாம். இதையே ஆரையம்பதியின் தமிழ்ப் பிள்ளைகளும் எழுதினால், இரண்டு கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இம்மாதிரி இதழ்கள் கவிதைக்கு ஒதுக்கும் பக்கங்களில் இரண்டை இதற்கு ஒதுக்கினால் கவிதைக்கு ஒரு நட்டமும் வராது.

மலர் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதற் பக்கத்தில் உங்கள் உம்மம்மாவின் பெயரை, குடியோடு போடுங்கள். அதற்குப் பிறகு யெமன் வரை போங்கள், யார் தடுத்தார்கள்? பெயர் தெரியாவிட்டால் வெளியீட்டு விழாவை ஒத்திவைத்துவிட்டு, இந்தக் கிழமையே போய்க் கேளுங்கள்.