வண்டிக்கு உபயதாரர் உண்டு, பேட்டரிக்கு?

கோயில், ரயில் நிலையம், அரசு மருத்துவமனை, வண்டலூர் உயிரியல் பூங்கா என முதியவர்களும் நோயாளிகளும் நடக்கத் திணறும் இடங்களில் பேட்டரி கார் இன்று அவசியத் தேவையாகிவிட்டது. பல இடங்களில் வங்கியோ நிறுவனமோ அதை உபயமாகத் தருகிறது. மாலை போட்டுக் கொடியசைத்து ஓட்டத் தொடங்கிய வண்டி, சில ஆண்டுகளில் ஏதாவது ஒரு மூலையில் தார்ப்பாய்க்குள் முடங்கிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. மோட்டாரும் அடிச்சட்டமும் நன்றாகவே இருக்கும், பேட்டரிதான் செத்திருக்கும். புது செட் வாங்க எந்தக் கணக்குத் தலைப்பிலும் பணம் இருக்காது. பேட்டரியைக் கவனிக்க ஓர் ஆளும், அதை மாற்றத் தனி நிதியும் ஒதுக்காத வளாகம் பேட்டரி காரை வாங்கவே கூடாது, இலவசமாக வந்தாலும் ஏற்கக் கூடாது என்பேன்.

இந்த வண்டியின் பூர்வீகம் கோல்ஃப் மைதானம். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு 18 குழி ஆட்டத்தைச் சுற்றிவந்து, இரவெல்லாம் நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்வதுதான் அதற்கு விதிக்கப்பட்ட வேலை. நம் வளாகங்களிலோ ஆறு பேர், எட்டுப் பேர், சில நேரம் மூட்டை முடிச்சுகளோடு, காலை முதல் இரவு வரை நின்று நின்று ஓடுகிறது. 48 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட ஈய-அமில பேட்டரி செட்டில் இருப்பது சுமார் 7 யூனிட் மின்சாரம். அதில் பாதியோடு நிறுத்திக்கொண்டால்தான் பேட்டரி நீடிக்கும். அடிவரை உறிஞ்சிவிட்டு, மதியம் ஒரு மணி நேரம் மட்டும் செருகி எடுத்து மறுபடி ஓட்டினால், ஒருநாளும் முழு சார்ஜை எட்டாத தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். இதோடு நம் வெயிலும் சேர்கிறது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் பழகிய கணக்கு. எத்தனை இருக்கை, என்ன நிறம் என்று விசாரிக்கும் குழுக்கள், வண்டி நிழலில் நிற்க ஒரு கொட்டகை உண்டா என்று கேட்பதில்லை.

வீட்டு இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பராமரிப்பு புதிதல்ல. ஆனால் இங்கே பார்க்க வேண்டியவை 24 செல்கள். சார்ஜ் ஏறும்போது அமிலக் கரைசல் விரியும் என்பதால், முழு சார்ஜுக்குப் பிறகே நீரை நிரப்ப வேண்டும். முன்னதாக நிரப்பினால் பொங்கி வழிந்து கேபிள் முனைகளை அரிக்கும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றலாம். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. கடினமான வேலை ஒன்றும் இல்லைதான். ஆனால் யாருடைய வேலை என்று எழுதப்படாததால், ஓட்டுநர் எலக்ட்ரீஷியனைக் காட்டுவார், எலக்ட்ரீஷியன் ஒப்பந்ததாரரைக் காட்டுவார்.

அப்படி ஓர் ஆளை ஒதுக்க முடியாத இடத்துக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியே பொருத்தம். நீர் ஊற்ற வேண்டியதில்லை, இடையிடையே சார்ஜ் ஏற்றினாலும் கெடாது, எடையும் பாதிக்குக் குறைவு. விலை அதிகம் என்பார்கள். வாங்கும் நாளில் அது உண்மை. ஆனால் ஈய-அமில பேட்டரியைவிடப் பல மடங்கு முறை ஏற்றி இறக்கலாம் என்பதால், பத்தாண்டுக் கணக்கில் அந்த வாதம் வலுவிழக்கிறது. தீப்பிடிக்குமே என்ற அச்சம் நியாயமானது. எனினும் லித்தியம் வகைகளில் இது வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் வகை. ஈய-அமில பேட்டரியும் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனை வெளியிடுகிறது, காற்றோட்டமில்லாத அறையில் அதுவும் ஆபத்துதான். பழைய சார்ஜரையே லித்தியத்துக்கும் மாட்டுவதுதான் உண்மையில் தடுக்க வேண்டிய தவறு.

மனமுவந்து தருவதை மறுப்பது மரியாதையா என்று கேட்கலாம். மறுக்க வேண்டாம், நிபந்தனையோடு ஏற்கலாம்: இரண்டு வண்டி தருகிறவர் ஒன்றைத் தந்து, மற்றதன் விலையைப் பேட்டரி நிதியாக வைக்கட்டும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்தான் இருக்கிறதே என்பவர்கள் அதன் விலக்குப் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்; பேட்டரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்கள் மீது சுமத்தியுள்ளன. ஈயத்துக்கு நல்ல விலையும் உண்டு. பழைய செட்டை எடைக்குப் போடாமல் புது செட்டின் விலையில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதிவிட்டால், மாற்றுச் செலவில் ஒரு பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.