இரவல் மெட்டு

2004-ல் வெளிவந்த 'கில்லி' இருபது வருஷம் கழித்து மறுபடியும் திரையரங்குகளுக்கு வந்து, புதுப்படத்துக்கும் கிடைக்காத ஆரவாரத்தோடு ஓடியதையும், அந்தப் படமே தெலுங்கு 'ஒக்கடு'வின் மறு ஆக்கம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரவலுக்கும் இரவல் என்று பரிகாசம் செய்து, தமிழ் சினிமாவில் சுயமான கற்பனை வற்றிவிட்டது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கும் ஆசைதான்; ஆனால் காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு இரவலைப் பழிக்கும் யோக்கியதை கிடையாது.

வால்மீகியின் கதையை எடுத்துக்கொண்டுதான் தேரழுந்தூர்க் கம்பன் மகாகவியானான். ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தில் முழங்கிய மெட்டுகளை, அவர்களுடைய ராஜவாழ்த்து மெட்டு உள்பட, எடுத்துச் சம்ஸ்கிருத சாகித்தியம் புனைந்து தெய்வங்களின் சந்நிதியில் வைத்தவர் திருவாரூர் முத்துஸ்வாமி தீக்ஷிதர். அவருடைய தம்பி பாலுஸ்வாமி கற்றுக்கொண்ட பிடில் இல்லாமல் இன்று எந்தக் கச்சேரி நிறைவு பெறுகிறது? மராட்டியக் கீர்த்தனக்காரர்களிடம் கேட்டதைத் தமிழுக்கு இசைய வளைத்துத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் நிலைநாட்டிய கதாகாலக்ஷேபமோ, நம்முடைய புராதன சம்பத்து என்றே நாம் எண்ணும்படி இந்த மண்ணில் ஊறிப்போயிற்று. பக்கத்து வீட்டில் ஒரு மரக்கால் விதைநெல் கைமாற்று வாங்கினவனை ஊரார் குற்றம் சொல்வதில்லை. அதை நாற்றுவிடாமல் குத்திச் சமைத்துத் தின்றுவிட்டால்தான் சிரிப்பார்கள்.

கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையை 1968-ல் ஏ.பி. நாகராஜன் 'தில்லானா மோகனாம்பாள்' ஆக்கினார். அதன் சாயல் நன்றாகத் தெரியும்படி 1989-ல் கங்கை அமரன் 'கரகாட்டக்காரன்' எடுத்தார். சாயல் தெரிந்தும் யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்தப் படத்தின் நகைச்சுவைக் காட்சியில் வரும் வாழைப்பழத்தை இன்றுவரை நாம் பேச்சில் உரித்துக்கொண்டுதானே இருக்கிறோம்!

நாகஸ்வர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை புதிய ராகம் எதையும் கண்டுபிடித்துப் பெயர் வாங்கவில்லை; எல்லாரும் வாசித்த, எல்லாரும் கேட்டிருந்த தோடியைத்தான் அவரும் வாசித்தார். சுவாமி புறப்பாட்டின்போது வீதியோரம் மேல்துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு நின்ற குடியானவனுக்கும் தோடியின் நெளிவுசுளிவு காதில் பழகியிருந்ததனாலேதான், பிள்ளை ஒரு பிடியை எதிர்பார்த்த இடத்தில் முடிக்காமல் இன்னும் ஒரு மூச்சு தேக்கி நிறுத்தும்போது, இது முன்பு கேளாதது என்று அவன் தலை தானாக ஆடிற்று. மனோதர்மம் என்று சங்கீதக்காரர்கள் சொல்வது இதையே. அதற்கு வித்துவானுடைய மூளையும் மூச்சும் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் நின்று கேட்கிற சபை.

'கில்லி' திரும்பி வந்த அதே 2024-ல், சில மாதம் கழித்து, சி. பிரேம்குமாரின் 'மெய்யழகன்' வெளியாயிற்று. தஞ்சாவூர் வீட்டை இழந்து பட்டணம் போன ஒருவன், இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வந்து, தன்னை வாய் நிறைய அத்தான் என்று அழைத்து உபசரிக்கும் உறவினனின் பெயரே ஞாபகத்துக்கு வராமல், அதைக் கேட்கவும் வெட்கப்பட்டுக்கொண்டு, அவனோடு ஓர் இரவைக் கழிக்கிறான், கதை இவ்வளவே. வில்லன் இல்லை. எந்த வெற்றிப் படத்தின் நகலும் அல்லாத, நம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் எடுத்தது போன்ற அந்தப் படம், நீளம் அதிகம் என்ற முறையீட்டினால் வெளியான சில நாட்களுக்குள்ளேயே 18 நிமிஷத்துக்கு மேல் கத்தரிக்கப்பட்டது. வெள்ளி, சனி, ஞாயிறு வசூலிலேயே தலையெழுத்து நிச்சயமாகிவிடும் வியாபாரத்தில், முதல் போட்டவர் தெரிந்த விதையையே தேடிப் போவதில் ஆச்சரியம் என்ன? கற்பனை குறைந்துவிட்டதாகப் புகார் சொல்லும் நாம்தான் அந்த 18 நிமிஷத்தைப் பொறுக்கமாட்டாமல் நெளிந்தோம். நானும் ஓரிடத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி வருஷந்தோறும் பாகவத மேளம் என்ற நாட்டிய நாடகம் நடக்கிறது. வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய அதே பிரகலாத சரித்திரம். தூணிலிருந்து யார் வரப்போகிறார் என்பது மடியிலிருக்கும் குழந்தைக்கும் தெரியும். இரவில் தொடங்கினால், சிம்ம முகம் தரித்தவர் வெளிப்படும்போது ஏறக்குறைய பொழுது விடிந்துவிடும். நடுவில் தூக்கம் வந்தவர்கள் இருந்த இடத்திலேயே கண்ணயர்கிறார்கள். தூண் பிளக்கும் கட்டம் நெருங்கும்போது பக்கத்திலிருப்பவர் தட்டி எழுப்பிவிடுகிறார்.