பொறுமை மட்டும் போதுமா?

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பது நம் முன்னோர் மொழி. நம் கடற்கரைப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீரபாண்டியன்பட்டினம், அமலிநகர், ஆலந்தலை, மணப்பாடு என்று திருச்செந்தூரை அடுத்துள்ள எந்தக் கடற்கரை ஊருக்குச் சென்றாலும், கடலுக்குப் போனவர் கரை சேரும்வரை வாய் திறவாமல் செபமாலை உருட்டிக் காத்திருக்கும் தாய்மாரைக் காணலாம். அந்தப் பொறுமையைக் குறை கூற இதை நான் எழுதவில்லை. அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அதிர்ந்து பேசமாட்டாள், எதையும் கேட்கமாட்டாள். அவளுடைய மதிப்பெண் அட்டையில் "பொறுமைசாலி" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். இரண்டு வாரம் கழித்துக் காலை வழிபாட்டின்போது அவள் மயங்கி விழுந்தாள். பிறகுதான் செய்தி தெரிந்தது. தந்தையின் வள்ளம் பழுதாகிக் கரையில் கிடந்தது. கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. தாய் விடியுமுன்னே மீன் கூடையோடு புறப்பட்டுவிடுவார். தம்பிமார் இருவருக்கும் சோறு பொங்கிக் கொடுத்துவிட்டு, தான் உண்ணாமலே இந்தச் சிறுமி பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள். இரவில் உறக்கமும் இல்லை. "ஏம்மா என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு டீச்சர் சிரமம்?" என்றாள். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் பட்ட துன்பத்திற்கு நான் நற்சான்று எழுதிக் கொடுத்திருந்தேன்!

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்ற இந்தச் சொல்லை ஆராய்ந்த அறிஞர்களும் உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கட்டடங்கள் தகர்க்கப்பட்டபோது உயிரிழந்தவர்களுள் ஆசிய நாட்டு வழிவந்தோரும் இருந்தனர். சிறுபான்மையினராக அந்நாட்டில் வாழும் அவர்களுடைய குடும்பத்தார் அந்த இழப்பை எவ்வாறு தாங்கினர் என்று, ஆற்றுப்படுத்தும் உளவியல் வல்லுநர்களான கிறிஸ்டின் யே, அர்ப்பணா இன்மன் ஆகியோர் நேரில் கேட்டு ஆராய்ந்து, 2006-இல் வெளியிட்டனர். குடும்பத்தின் துணை, தம் இனத்தாரின் துணை, இறைநம்பிக்கை ஆகியவற்றோடு அவர்கள் கண்ட மற்றொரு வழி பொறுமை. பிறருக்குப் பாரமாக இருக்கலாகாது என்று தன் துயரைத் தனக்குள்ளேயே அடக்கிக்கொள்ளும் பொறுமை அது. கடல் கடந்த நாட்டில் கண்ட இந்தப் பொறுமையும் நம் கடற்கரைப் பொறுமையும் உடன்பிறப்புகள் அல்லவா?

துன்பத்தை எதிர்கொள்வதில் இரண்டு வழிகள் உண்டு என்று ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்னும் உளவியலார் 1984-இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தனர். ஒன்று, துன்பத்தின் காரணத்தையே மாற்ற முயல்வது. மற்றொன்று, மாற்ற இயலாதபோது மனத்தை ஆற்றிக்கொள்வது. படகில் நீர் புகுந்தால் ஓட்டையை அடைக்கவும் வேண்டும். அஞ்சி நடுங்கும் மனத்தைத் தேற்றவும் வேண்டும். ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு மனத்தை மட்டும் தேற்றிக்கொண்டிருந்தால் படகு என்ன ஆகும்? நம் பெண்களுக்கு நாம் கற்பித்து வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியை மட்டுமே.

சரி, வாய் மூடிப் பொறுத்து, இரவு பகலாய் உழைத்து முன்னேறினால் போதாதா என்று கேட்கலாம். இதற்கு அமெரிக்க அறிஞர் ஷெர்மன் ஜேம்ஸ் விடை தருகிறார். ஜான் ஹென்றி மார்ட்டின் என்ற கறுப்பின உழவர் ஒருவரை அவர் சந்தித்தார். கொடிய வறுமையில் பிறந்து, இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். ஆயினும் ஓயாமல் உழைத்து 75 ஏக்கர் நிலத்திற்கு உரிமையாளரானார். ஆனால் அறுபது வயதுக்குள் இரத்த அழுத்தமும் மூட்டு நோயும் குடற்புண்ணும் அவரைப் பற்றிக்கொண்டன. இத்தகைய விடாப்பிடியான போராட்டம், கல்வி குறைந்த கறுப்பின ஆண்களிடையே கூடுதலான இரத்த அழுத்தத்தோடு சேர்ந்து காணப்படுவதை 1983-இல் ஜேம்ஸ் வெளியிட்டார். வசதியும் துணையும் உள்ளவன் போராடினால் உயர்கிறான். அவை இல்லாதவன் போராடினால் உயர்ந்தாலும் உடல் கடன்படுகிறது.

சிறுபான்மை மக்களின் நலத்தைப் பற்றிப் பேசும்போது இதை நாம் மறக்கலாகாது. எல்லாருக்கும் உள்ள கவலைகள் அவர்களுக்கும் உண்டு. அவற்றின்மேல் இகழ்ச்சி என்ற சுமையும் ஏற்றப்படுகிறது. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுப் பிழைக்கும் மூதாட்டி ஒருவரை, நாற்றம் வீசுகிறது என்று கூறி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தியை நாம் அறிவோம். அந்தத் தாய் பொறுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்திருக்கலாம். அவ்வாறு நடந்து சென்ற தாய்மார் எத்தனை பேரோ! ஆனால் அவர் பேருந்து நிலையத்திலேயே நின்று, "இது நியாயமா?" என்று குரலெழுப்பினார். தமிழகமே கேட்டது. முதலமைச்சர் கண்டித்தார். பேருந்து ஊழியர்கள்மேல் நடவடிக்கை வந்தது. அன்று அந்தத் தாய் மனத்தை ஆற்றியதோடு நிற்கவில்லை. ஓட்டையை அடைக்கவும் முயன்றார்.

இன்னொரு துயரம் கடற்கரைக்கே உரியது. 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கிப் புயல் வீசியது. கடலுக்குச் சென்ற பலர் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. உடலைக் காணாத மனைவி தாலியைக் கழற்றுவதா, காத்திருப்பதா? பிள்ளைகள் அழுவதா, நம்புவதா? வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்த பாலின் பாஸ் என்ற அம்மையார், முடிவு தெரியாத இத்தகைய இழப்பே தாங்குவதற்கு மிகக் கடினமானது என்கிறார். இப்படித் துயருறுவோர் மனம் தளர்வது அவர்களுடைய பலவீனமன்று. அவர்கள் நிலைமை அத்தகையது. அவர்களிடம் சென்று "பொறுத்துக்கொள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது எளிது. அருகில் அமர்ந்து கேட்பதுதான் அரிது.

கேட்பதால் பயன் உண்டா? உண்டு. 1986-இல் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பினர், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, உறவினரை இழந்த மீனவக் குடும்பங்களிடம் பயிற்சி பெற்ற தொண்டர்களை அனுப்பினர். அத்தொண்டர்கள் மருத்துவர்களல்லர், நம்மைப்போன்ற சாதாரண மக்களே. வீடு வீடாகச் சென்று பரிவோடு கேட்டனர். அவ்வாறு துணை பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நன்கு தேறினர் என்று பின்னர் செய்த ஆய்வு காட்டியது.

"செபம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்கின்றனர். செபத்தின் வலிமையை நானும் நம்புகிறேன். ஆனால் நம் ஆண்டவர் கெத்சமனித் தோட்டத்தில் என்ன செய்தார்? தந்தையிடம் மன்றாடினார், அதற்கு முன் தம் மனத்துயரைச் சீடர் மூவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். வியாகுல அன்னையும் சிலுவையடியில் தனியே நிற்கவில்லை. பிற பெண்களும் அன்புச் சீடரும் உடன் நின்றனர். துயரைச் சொல்வது நம்பிக்கைக் குறைவு என்றால், ஆண்டவரே அதைச் செய்திருப்பாரா?

"வெளியே சொன்னால் ஊர் பேசும், நாளை பெண்ணுக்கு வரன் அமையாது" என்று தாய்மார் அஞ்சுகின்றனர். இந்த அச்சம் வீணன்று. ஊர் வாயை நாம் அறிவோம். ஆகவேதான் கேட்கும் செவியைவிடக் காக்கும் நாவு முக்கியம் என்கிறேன். ஒவ்வொரு பள்ளியிலும், ஒவ்வொரு பங்கிலும், கேட்டதை வெளியே விடாத பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் ஒருவர் இருக்க வேண்டும். அன்பியக் கூட்டங்களில் செபத்தோடு, இவ்வாரம் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று விசாரிக்கவும் வேண்டும். யாரிடமும் நேரில் சொல்ல இயலாதவர்களுக்கு 2022-இல் தொடங்கப்பட்ட 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் கடமை உண்டு. அமைதியாக இருக்கும் மாணவியைப் பாராட்டுமுன், அவள் ஏன் அமைதியாக இருக்கிறாள் என்று கேட்க வேண்டும். நான் இப்போது மதிப்பெண் அட்டையில் "பொறுமைசாலி" என்று எழுதுவதில்லை. கையொப்பமிடுமுன் பிள்ளையை அருகில் அழைத்து, "சாப்பிட்டாயா? தூங்கினாயா?" என்று இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இரண்டாம் கேள்வி முடியுமுன் கண் கலங்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

அன்பு மாணவியரே! பொறுமை நம் தாய்மார் நமக்களித்த செல்வம், அதைப் போற்றுங்கள். ஆனால் பிறருடைய தவற்றைச் சுமப்பதற்கு அதைச் செலவிடாதீர்கள். உங்கள் துயரைக் கேட்பது எங்களுக்குச் சிரமமன்று. அதற்காகவே நாங்கள் இருக்கிறோம். வாருங்கள், சொல்லுங்கள். உங்கள் அருகில் வாடிய முகத்தோடு அமர்ந்திருக்கும் தோழியையும் அழைத்து வாருங்கள்.