அழித்துப் பதிந்தவர்கள் நாம்தான்

ஜாசினிலும் மெர்லிமாவிலும் உலக சினிமா பேசுகிறவர்கள் நாம் ஒரு சிறு கூட்டம்தான். ஆனால் பேச உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. சத்யஜித் ராயின் அப்பு படங்கள் மூன்றின் மூலச்சுருள்கள் 1993இல் லண்டனில் தீயில் கருகியதையும், மிஞ்சியவற்றை இத்தாலியின் பொலோன்யா நகரில் பொறுமையாகச் சீர்செய்து 2015இல் மறுபடி திரைக்குக் கொண்டுவந்ததையும் கண் விரியச் சொல்வோம். கிரைட்டீரியன் வெளியிட்ட அந்தப் புளூரே பெட்டியை வெளிநாட்டிலிருந்து தருவித்து, தூசு படாமல் அடுக்கி வைத்திருப்பவர்களும் நம்மில் உண்டு. அந்த அக்கறையில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அதே வீட்டில், நம் குடும்பத்து வீடியோ கேசட்டுகள் என்ன ஆயின என்று நாம் பார்க்கவில்லை.

நம் பெற்றோர் காலத்தில் படம் என்றால் தோட்டத்துத் திடல்தான். 1946இல் தொடங்கப்பட்ட மலாயா பிலிம் யூனிட், தன் படங்களுக்குத் தமிழிலும் விளக்கவுரை சேர்த்துத் தோட்டங்களில் திரையிட்டது. எண்பதுகளில் வீடியோ வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாடகைக் கேசட் பார்த்தோம். அதே வீடியோதான் நம் கல்யாணங்களையும், மாரியம்மன் கோயில் திருவிழாக்களையும், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிகளையும் பதிந்து வைத்தது. பிறகு தோட்டங்கள் கைமாறின, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிபட்டன. அந்த வாசலும் அந்தப் பிரட்டுக்களமும் எப்படி இருந்தன என்று காட்ட, பல குடும்பங்களுக்கு மிஞ்சியது அந்த நாடா ஒன்றுதான்.

அதை நாம் என்ன செய்தோம்?

கேசட்டின் முதுகுப்புற ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. கல்யாணத்தைப் படம் எடுத்தவர்கள் அதை உடைத்துத்தான் கொடுத்தார்கள். புதுக் கேசட்டுக்குக் காசு எதற்கு என்று, உடைந்த இடத்தில் செலோடேப் ஒட்டிவிட்டு, டிவியில் ஓடிய படத்தை நாம் அதில் பதிந்தோம். அந்தப் படம் இன்று நினைத்த நேரத்தில் கிடைக்கிறது. அதற்கு அடியில் போன கல்யாணம், தோரணம் கட்டிய இளைஞர்கள், பந்தியில் பரிமாறிய அம்மாக்கள் இனி எங்கும் கிடைக்கப் போவதில்லை.

அழியாமல் தப்பியவற்றையும் நாம் காக்கவில்லை. தாமான் வீட்டுக்குக் குடிபோனபோது பாரம் என்று சிலவற்றை எறிந்தோம். மற்றவற்றைப் பெட்டியில் போட்டு மறந்தோம். நம் ஊர் ஈரக்காற்றில் நாடாச்சுருளின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிட்டது. வி.எச்.எஸ். கருவி செய்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்தியபோது அந்தச் செய்தியைப் படித்தோம். அப்போதும் பெட்டியைத் திறக்கவில்லை.

வாங்கிப் பார்க்க வேண்டிய படங்களிலும் நாம் வசதியைத்தான் பார்த்தோம். இரவுச் சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைத்த திருட்டு வி.சி.டி. போதும் என்று இருந்தோம். அறுபதுகளின் ரப்பர் தோட்டத்தில் மேற்படிப்புக்கு ஏங்கும் ஒரு பெண்ணின் கதையை, தீபக் குமரன் மேனன் 2005இல் ‘செம்மண் சாலை’யாக எடுத்தார். நம் வீட்டுக் கதை அது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2016இல் மலேசியத் திரைப்பட விழாவின் சிறந்த மலேசியப் படமானது. குரோசவாவின் மழைக்காட்சியை மணிக்கணக்கில் அலசும் நாம், இந்த இரண்டையும் உட்கார்ந்து பேசிய பொழுதுகள் எத்தனை? அடுத்த தலைமுறைக்கென்று ஒரு பிரதியாவது வாங்கி வைக்க முயன்றோமா?

அக்கறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’; அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. பி.என். ராவ் இயக்கி 1957இல் மலாயாவையே கூட்டம் கூட வைத்த ‘பொந்தியானாக்’ படமும் போய்விட்டது. ஆனால் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உதய் சங்கர் எடுத்த ‘கல்பனா’ (1948) பிழைத்தது. சீர்செய்யப்பட்டு இன்று வட்டாகவே கிடைக்கிறது. அதன் சுருளை யாரோ வைத்திருந்தார்கள். காப்பகங்கள் ஏன் நம் வாழ்க்கையைச் சேர்த்து வைக்கவில்லை என்று கேட்க நமக்கு வாய் எழவில்லை. கேசட் இருந்தது நம் வீட்டில். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர்களும் நாம்தான்.

எல்லாம் கைவிட்டுப் போய்விடவில்லை. அசகானிலும் பெம்பானிலும் செலாண்டாரிலும் நம் உறவுகளின் வீட்டுப் பரண்களில் இன்னும் கேசட்டுகள் இருக்கும். அவற்றை இறக்குவோம். பூஞ்சை பிடித்ததை அப்படியே பிளேயரில் போட வேண்டாம்; அது கருவியின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். முதலில் ஈரமில்லாத இடத்தில் வைத்து, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைப்போம். ஓடுகிற பிளேயர் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, கணினியில் ஏற்றி, இரண்டு வீடுகளில் இரண்டு பிரதிகள் வைப்போம். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் வீட்டு விசேஷம் என்று எழுதி வைப்போம். பிறகு கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ ஒரு மாலை, ராயின் படத்தோடு நம் தோட்டத்துத் திருவிழாவையும் போட்டுக் காட்டுவோம்.

இதைத் தள்ளிப்போட முடியாது. நாடா தாங்கினாலும், அதில் தெரிகிற முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடிய தாத்தா பாட்டிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள வேண்டிய வேலை இது. இந்த விடுமுறைக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போதே தொடங்குவோம்.