பழைய ஜெட் விமானம்: விலை மலிவு, தீனி அதிகம்!

அமெரிக்காவில் பழைய கார் விற்பது போலப் பழைய ஜெட் விமானமும் விற்கிறார்கள்.

6 பேர், 7 பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். கம்பெனி முதலாளிகளும் வசதி படைத்த டாக்டர்களும் வாங்குகிறார்கள். நினைத்த நேரத்தில் நினைத்த ஊருக்குப் பறக்கலாம் அல்லவா?

இந்த ஆசைக்கு வரிச் சட்டம் தூபம் போடுகிறது. தொழிலுக்காக விமானம் வாங்கினால், அதன் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று 2017-ல் சட்டம் வந்தது. பழைய விமானத்துக்கும் இந்தச் சலுகை உண்டு. 2023 முதல் சலுகை படிப்படியாகக் குறைந்தது. 2025 ஜூலையில் வந்த புதிய சட்டம் அதை மறுபடியும் முழுமையாக்கிவிட்டது.

மாதச் சம்பளக்காரர் சொந்தக் கார் வாங்கினால் இப்படிக் கழிக்க முடியாது! விமானக்காரருக்கும் ஒரு சங்கடம் உண்டு. பின்னால் விமானத்தை விற்கும்போது, வரி வாசலில் வந்து நிற்கும்.

வரியை விடப் பெரிய செலவு என்ஜினில் இருக்கிறது.

விசிட்டா நகரத்து செஸ்னா கம்பெனி 1970-களில் 'சைட்டேஷன்' என்ற சிறிய ஜெட்டை விற்கத் தொடங்கியது. அந்தக் காலத்து விமானம் இன்று 10 லட்சம் டாலருக்கும் குறைவாகக் கிடைக்கும். புதிய ஜெட்டின் விலை அதைப்போலப் பல மடங்கு.

ஏன் இவ்வளவு மலிவு?

அதில் 2 என்ஜின்கள். 1,750 மணி நேரம் ஓடியதும், நெருப்பு எரியும் பகுதியைப் பிரித்துச் சோதிக்க வேண்டும். 3,500 மணி நேரம் ஆனதும், என்ஜின் முழுவதையும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். இரண்டையும் புதுப்பிக்கும் செலவு, விமானத்தின் விலையையே மிஞ்சிவிடும்!

ஆகவே 3,400 மணி நேரம் ஓடிய என்ஜினோடு வரும் விமானம் மலிவு அல்ல. விற்பவர் தன் செலவை வாங்குகிறவர் தலையில் கட்டுகிறார். யானை வாங்கலாம்; தீனி போட வேண்டாமா?

இந்தச் செலவுக்காகச் சீட்டுக் கட்டுவது போல ஓர் ஏற்பாடு உண்டு. பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு என்று கட்டி வரவேண்டும். விற்பவர் கட்டிய பணத்தின் பலன் தனக்கு மாறுமா என்று வாங்குகிறவர் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

விமானத்துக்கு ஜாதகமும் உண்டு. எப்போது பழுது பார்த்தார்கள், எந்த உறுப்பை மாற்றினார்கள் என்று பிறந்த நாள் முதல் எழுதிவைத்த புத்தகங்கள். அதில் ஒன்று தொலைந்தாலும் விலை சரியும்.

நிலத்துக்கு வில்லங்கம் பார்ப்பது போல விமானத்துக்கும் பார்க்கிறார்கள். இதற்கான அரசாங்கப் பதிவேடு ஓக்லஹோமா சிட்டியில் இருக்கிறது. பழைய கடன் பாக்கி இருந்தால், அது விமானத்தோடு கூடவே வரும்!

செய்த கம்பெனியே மூழ்கினால்?

அல்புகர்க்கி நகரில் எக்லிப்ஸ் என்ற கம்பெனி, 10 லட்சம் டாலருக்கும் குறைந்த விலையில் புது ஜெட் தருவதாகச் சொன்னது. 2006-ல் அரசாங்க அனுமதி கிடைத்தது. சுமார் 260 விமானங்கள் செய்தது.

2008 ஜூனில், அதில் ஒன்று சிகாகோவில் இறங்கும்போது 2 என்ஜின்களும் முழு வேகத்தில் சிக்கிக்கொண்டன. விமானி ஒரு என்ஜினை நிறுத்தினார். மற்றது சொன்னபடி கேட்கவில்லை. எப்படியோ இறக்கிவிட்டார். டயர் வெடித்தது, உயிர்ச்சேதம் இல்லை. எல்லா எக்லிப்ஸ் விமானங்களையும் சோதிக்க அவசர உத்தரவு பிறந்தது.

அதே ஆண்டு நவம்பரில் கம்பெனி திவால்! முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். விமானம் பெற்றவர்களுக்கோ, உதிரி உறுப்பு கொடுக்க ஆள் இல்லை. 2009-ல் வேறு கம்பெனி அதன் சொத்துகளை வாங்கிய பிறகே வழி பிறந்தது. பிறகு பெயர் மாறிய அந்தக் கம்பெனியும் 2018-ல் திவால் மனு கொடுத்தது.

பழைய எக்லிப்ஸ் இன்றும் விற்பனைக்கு வருகிறது. புது ஜெட்டோடு பார்த்தால், விலை குறைவுதான்.